பன்னிரண்டு மைல் வந்த தெருக்கள்

தேரிப்பட்டினத்துக் கடலின் ஆழத்தை என் அப்பா ஒரு நாள் குறைத்துச் சொன்னார். அதனால்தான் சங்குமுனை இன்று ரயிலும் கப்பலும் பஞ்சுக் கிட்டங்கியும் பன்னிரண்டு புதுத்தெருவுமாகப் பட்டணம் ஆகி நிற்கிறது, தேரிப்பட்டினம் மணலாகக் கிடக்கிறது. இதை எங்கள் ஊரில் சொல்லக் கூடாதென்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் யாராவது சொல்ல வாயெடுத்தால் கேட்கிறவருக்கு உடனே கடைக்குப் போகிற வேலை வந்துவிடும், இருவரும் தரையைப் பார்த்தபடியே பிரிந்து போவார்கள். நான் கயித்தான் தண்டலின் மகள் இஞ்ஞாசி. அறுபது வயது தாண்டிவிட்டது. தாள் எழுந்து கடைக்குப் போகாது என்பதால் தாளிடம் சொல்கிறேன்.

அப்பா காலத்தில் இரண்டு ஊரும் சமமான ஊர்கள். வடக்கே சங்குமுனை, தெற்கே பன்னிரண்டு மைலில் தேரிப்பட்டினம். இங்கே நாற்பது தோணி என்றால் அங்கே நாற்பது தோணி, இங்கே ஒரு கோயில் என்றால் அங்கே ஒரு கோயில், இங்கிருந்து பெண் எடுத்தால் அங்கே பெண் கொடுப்பார்கள். அப்பா ஒரு தோணியின் தண்டல், அதாவது அந்தத் தோணிக்கும் அதன் ஆட்களுக்கும் தலைவர். அப்போதுதான் ரயில் கம்பெனியின் துரை ஒருவர் குடையும் தொப்பியுமாக வந்து இறங்கி, கரிசல் காட்டுப் பஞ்சை ஏற்றி வருகிற தண்டவாளம் இந்த இரண்டு ஊரில் ஒன்றில்தான் வந்து முடியும், எந்த ஊர் என்பதைக் கடலின் ஆழம் தீர்மானிக்கும் என்றார். தண்டவாளம் எந்த ஊரில் கடலைத் தொடுகிறதோ அந்த ஊருக்குக் கப்பல் வரும், கப்பல் வருகிற ஊருக்குப் பஞ்சு வரும், பஞ்சு வருகிற ஊருக்கு வேலை வரும், வேலை வருகிற ஊருக்குச் சனம் வரும், மற்ற ஊருக்கு ஒன்றும் வராது. இதைத் துரை சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் பார்த்துக் கத்துகிற வேலைக்கு அப்பாவைப் பிடித்தார்கள். அவர் கத்துவதைக் கம்பெனியின் குமாஸ்தா எழுதிக்கொள்வார். தேரிப்பட்டினத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் உப்பளக்காரர் விசுவாசம் கடற்கரைக்கு வந்து அப்பாவின் தோணி நிழலில் உட்கார்ந்தார். எங்கள் ஊருக்கு அவர்தான் பெரிய மனுஷர்.

"எலே கயித்தான், நாளைக்கு நீ கத்துறதத்தான குமாஸ்தா எழுதுவான்?"

"ஆமா அண்ணாச்சி."

"அங்க ஆழம் கூடவா இருக்கும்னு ஊர்ல எல்லாரும் பயப்படுதாவ."

"கடல்ல உள்ளதத்தான அண்ணாச்சி சொல்ல முடியும்?"

விசுவாசம் கடலைக் கை காட்டினாராம். பிறகு, "கடலுக்கு வாய் கெடயாதுலே. உனக்குத்தான் இருக்கு," என்று சொல்லி எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தேரிப்பட்டினத்துக் கடலில், கப்பல் வந்து நிற்க வேண்டிய இடத்தில், குமாஸ்தா தலைசுற்றித் தோணிக்குள் படுத்துக்கொண்டு காதில் விழுந்ததை எழுத, அப்பா கயிற்றை இறக்கி, "மூணு பாகம்" என்று கத்தினார். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி இறக்கி, "மூணு பாகம்" என்று கத்தினார். பதினோரு இடத்தில் பதினோரு தடவை அதையே கத்தினார். மூன்று பாகம் என்பது மீன் பிடிக்கிற வள்ளத்துக்குப் போதும், கப்பலுக்குப் போதாது. துரை தாளைப் பார்த்தார், தேரிப்பட்டினத்தின் பெயரில் ஒரு கோடு போட்டார். எங்கள் கடலில் முன்பே அளந்த ஆழம் அதைவிடக் கொஞ்சம் கூட என்பதால் தண்டவாளம் எங்கள் ஊருக்கு வந்தது.

முதல் ரயில் வந்த அன்று ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாள் விடிந்து வாசல் தெளிக்க வந்த பெண்கள், கடைசித் தெருவுக்கு அப்பால் நேற்றுவரை முள்ளும் கள்ளியுமாகக் கிடந்த இடத்தில் ஒரு தெரு நிற்பதைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. கிணற்று உருளை யாரோ இப்போதுதான் தண்ணீர் சேந்தியது போல ஆடிக்கொண்டிருந்தது, அடுப்புகளில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, கொடியில் துணி ஈரமாகத் தொங்கியது, ஒரு வீட்டு முற்றத்தில் பூனை ஒன்று மீன் முள்ளைத் தின்றுகொண்டிருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை. பெண்கள் முதலில் செய்த காரியம், கஞ்சி தீய்ந்துவிடாமல் அடுப்புகளை அணைத்ததுதான்.

எங்கள் ஊர் கெட்ட ஊர் இல்லை. மூன்று நாள் காத்திருந்தோம். அந்தத் துணிகளை எடுத்து மடித்து வைத்தோம், பூனைக்குச் சோறு வைத்தோம், தெரு முனையில் இரண்டு பேரைக் காவல் போட்டோம். நான்காம் நாள் ஒரு குடும்பம், வீட்டில் இடம் பத்தவில்லை என்று சொல்லி, ஒரு பாயை மட்டும் கொண்டுபோய் விரித்தது. ஐந்தாம் நாள் அந்த வீட்டில் குழம்பு தாளிக்கிற வாசனை வந்தது. ஆறாம் நாள் இருபத்தொரு வீடுகளுக்கு அறுபது பேர் போட்டியிட்டார்கள். விசுவாசம் ஒரு கமிட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு முன்பு வந்ததைவிடப் பெரிய கப்பல் வந்து நங்கூரம் போடும்போதெல்லாம், முன்பு வராத அளவு பஞ்சுப் பொதி வந்து இறங்கும்போதெல்லாம், மறுநாள் விடியலில் ஒரு தெரு வந்து நின்றது. உண்மையில் எங்கள் கடல்தான் ஆழமில்லாத கடல்; அதனால் கப்பல்கள் ஐந்து மைல் தள்ளியே நின்றன. கம்பெனிக்காரர்கள் மணல் நகர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். கப்பல் தள்ளி நின்றதும் எங்களுக்கு லாபமாயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு பொதியையும் தோணியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது, நாற்பது தோணி நானூறு ஆயிற்று, தோணி கட்டுகிறவன் வந்தான், பாய் தைக்கிறவன் வந்தான், பொதி சுமக்கிறவன் வந்தான், சுமக்கிறவனுக்குக் கடை போடுகிறவன் வந்தான், அவர்கள் எல்லோருக்கும் வீடு வேண்டியிருந்தது, வீடும் வந்துகொண்டே இருந்தது. நாலாம் தெரு ஒரு குருசடியோடு, சிலுவை நட்ட சின்னக் கோயிலோடு, வந்தது. அதிலிருந்த அந்தோணியார் எங்கள் கடலுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நின்றார், திருப்பி வைத்தார்கள். ஆறாம் தெரு பள்ளிக்கூடத்தோடு வந்தது. கரும்பலகையில் பாதிக் கணக்கு இருந்தது, அழித்துவிட்டு மீதியை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கிருந்து வருகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். தெற்கே பன்னிரண்டு மைலில் சனங்கள் காலையில் கண் விழிக்கும்போது பாய்க்குக் கீழே மணலும் தலைக்கு மேலே வானமும் இருந்தன. முதலில் ஒரு தெரு, பிறகு ஒரு தெரு. அவர்கள் நடந்து எங்கள் ஊருக்கு வேலை தேடி வந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓலைக் குடிசை போட்டார்கள். நாங்கள் அவர்களை மணல்காரர்கள் என்று கூப்பிட்டோம். அவர்கள் தங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் பொதி சுமக்கப் போனார்கள். போகும்போது அவர்கள் தரையைப் பார்த்து நடப்பார்கள், வாசலில் நிற்கிற நாங்களும் தரையைப் பார்த்து நிற்போம். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து, சங்குமுனைக்காரர்கள் ரொம்ப அடக்கமானவர்கள் என்று சொல்வார்கள்.

கமிட்டி சில பழக்கங்களை ஏற்படுத்தியது. வாசல் நிலைக்கு மேலே செதுக்கியிருக்கிற பெயரைச் சுண்ணாம்பு வைத்து மூடிவிட வேண்டும். சுவரில் இருக்கிற படங்களை மரியாதையாகத் துணி சுற்றி வைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் பூட்டிய அறை இருந்தால் உடைக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பழக்கத்தைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாம் தெரு வந்தபோது அதில் பெரிய வீட்டை விசுவாசம் அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா அந்த வீட்டின் முன்னால் போய் நின்று, "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, வேற கொடுங்க," என்றாராம். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அம்மா வயிற்றில் நான் இருந்தேன், பழைய குடிசை ஒழுகியது. அம்மா உள்ளே போய்விட்டாள். நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன். அப்பா அதில் பதினான்கு வருஷம் இருந்தார், ஒரே ஒரு நாள் தவிர நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவார். காற்றுக்காக என்று நான் நினைத்தேன்.

எனக்குப் பதினான்கு வயதில் அம்மாவுக்கு மூட்டு வலி வந்து, வீட்டு வேலைக்கு ஒரு மணல்காரியை வைத்தோம். ரெஜினம்மாள் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். புருஷன் துறையில் பொதி சுமந்து, அதே வேலையில் நெஞ்சடைத்துச் செத்துப்போனவர். வந்த முதல் நாள் மழை. அம்மா பின்கதவைத் திறக்க முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தாள், நானும் கூடச் சேர்ந்து தள்ளினேன், கதவு அசையவில்லை.

"மழைக்கு இறுகிக்கும்மா. மேல தூக்கித் தள்ளணும்," என்றாள் ரெஜினம்மாள். இடது கையால் பிடியைத் தூக்கி வலது முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். கதவு திறந்துகொண்டது.

அம்மா அவளைப் பார்த்தாள். ரெஜினம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். புரியக் கூடாது என்று இருந்தேன். அவளை "ஏ மணல்காரி" என்றுதான் கூப்பிட்டேன், தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் என் காதுத்தோடு எங்கள் வீட்டிலும் இருந்த ஒரு பூட்டிய அறையின் கதவிடுக்கில் உருண்டு உள்ளே போய்விட்டது. நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். அம்மா, அந்த அறையை உடைக்கக் கூடாது, ஊர்ப் பழக்கம், என்றாள். ரெஜினம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, முக்காலியைப் போட்டு ஏறி, உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள், அறையைத் திறந்தாள். உள்ளே ஒரு தொட்டில், ஒரு கல்யாணப் பெட்டி, சுருட்டிய பாய்கள். அவள் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. குனிந்து தோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள், கதவைப் பூட்டினாள், சாவியை உத்தரத்தில் வைக்கவில்லை, அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

அன்றையிலிருந்து அம்மா அவளுக்கு எங்கள் தட்டிலேயே சோறு போட்டாள், என்னை அவளிடம் மரியாதையாகப் பேசச் சொன்னாள், பண்டிகைக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தாள். ரெஜினம்மாள் சேலையை வாங்கி எங்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒருநாள் ஒரு சட்டியை உடைத்திருந்தால், ஒருநாள் முகத்தைச் சுளித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அப்பா பெரும்பாலும் துறையிலேயே இருந்தார், அவள் வந்து போகிற நேரத்தில் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஆனால் ஒரு மத்தியானம் காய்ச்சலோடு வந்தார். அன்று அம்மாவுக்கு முடியாமல் ரெஜினம்மாள்தான் சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். அப்பாவால் பின்வாசலுக்கு நடக்க முடியவில்லை, நடுவீட்டில் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். பிறகு கை அப்படியே நின்றுவிட்டது, கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது.

"என்ன, காரமா?" என்றாள் அம்மா.

"இந்தக் குழம்ப நான் சாப்பிட்டிருக்கேன் சலேத்து," என்றார் அப்பா. "இதே எடத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன்."

அடுக்களை வாசலில் ரெஜினம்மாள் கரண்டியோடு நின்றாள். "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிய அண்ணாச்சி," என்றாள். குரலில் கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். "துரையோட ஆளுன்னு எங்க வீட்டுக்காரவ உங்கள கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாவ. எனக்கு அப்பத்தான் கல்யாணமாயி மூணு மாசம். ஆழம் பாக்கப் போற மனுஷன் பசியோட போகக் கூடாதுன்னாவ."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வந்த அன்னைக்கே என்னத் தெரிஞ்சிருச்சா?" என்றார் அப்பா.

"வாசல்ல நீங்க செருப்ப விட்ட எடம் தெரிஞ்சிது. அன்னைக்கும் அங்கதான் விட்டிய."

"பொறவு ஏன் ரெஜினம்மா ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? வீடு வந்ததுக்கு நீங்க என்ன செய்விய? யாருக்கு வந்துச்சோ அவிய இருக்காவ. கடல் தூந்து போச்சு, ரயிலு இங்க வந்துச்சு. அது எங்க தலையெழுத்து."

அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது, அவளுக்கு ஆழத்தைப் பற்றித் தெரியாது என்று. சும்மா இருந்திருக்கலாம். குழம்பு எச்சில் கையோடு அவர் சொன்னார்: "கடல் தூரல ரெஜினம்மா. நான்தான் கொறச்சுக் கத்தினேன். உங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போய், ஏப்பம் விட்டுக்கிட்டே கத்தினேன்."

ரெஜினம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்க வீட்டுக்காரவ இத கேக்காமலே போயிட்டாவளே," என்றாள். உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், அடுப்பை மெழுகினாள், போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் அவள் குடிசையில் போய்ப் பார்த்தால், தேரிப்பட்டினத்துக்கே திரும்பிவிட்டாள் என்றார்கள்.

ரயில் வந்து பதினைந்து வருஷம் ஆனதை அந்த மாதம்தான் ஊர் கொண்டாடியது. ஸ்டேஷனுக்கு முன்னால் பந்தல், காகிதத் தோரணம், பேண்டு வாத்தியம். விசுவாசம் மேடையில் உட்கார்ந்திருந்தார், அவர் கண்ணுக்குப் பார்வை மங்கியிருந்தது. மூத்த தண்டல் என்று அப்பாவையும் மேடையில் வைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்பா எழுந்தார். காய்ச்சலில் உடம்பு பாதியாகியிருந்தது.

"நான் பொய் சொன்னேன்," என்றார். "தேரிப்பட்டினத்துல கடல் ஆழமா இருந்துச்சு. இல்லன்னு சொல்லி ரயில இங்க கொண்டாந்தேன். நாம இருக்கிற வீடு எல்லாம் அவிய வீடு. எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, ஆமான்னு சொல்லுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது விசுவாசம் மெதுவாக எழுந்து, தடவித் தடவி வந்து அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியளா!" என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார். "ஊருக்காக இந்த மனுஷன் பாவத்தத் தன் தலையில ஏத்திக்கிட்டு, பதினஞ்சு வருஷமா ஒரு வார்த்த பெருமையாச் சொல்லிக்காம இருந்திருக்கான்!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள், பந்தலே அதிரத் தட்டினார்கள், பதினைந்து வருஷமாக எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்த ஒன்றை இறக்கி வைக்க இடம் கிடைத்த சந்தோஷத்தில் தட்டினார்கள். பேண்டு வாத்தியம் தொடங்கியது. தோணிக்காரப் பையன்கள் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள், அவர் "எறக்கி விடுங்க, எறக்கி விடுங்க" என்று கத்தியது வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கழுத்தில் விழுந்த மாலைகளுக்கு மேலே அவர் முகம், நீச்சல் தெரியாதவன் முகம் போல மேலும் கீழும் போய் வந்தது.

நானும் கைதட்டினேன். எல்லோரும் தட்டியதால் தட்டினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அப்பா தெற்கே நடக்கத் தொடங்கினார். காய்ச்சலோடு தனியே போகிறாரே என்று நானும் கூடப் போனேன். அம்மா வரவில்லை. வீட்டுச் சாவியை மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என் கையில் வைத்தாள். பன்னிரண்டு மைல். தேரிப்பட்டினம் இருந்த இடத்தில் ஒரு கோயில் மட்டும் நின்றது, அதைச் சுற்றி நாற்பது ஐம்பது ஓலைக் குடிசைகள். தெருக்கள் கிளம்பிப்போன இடங்கள் மணலில் நீளநீளமான பள்ளங்களாகத் தெரிந்தன. அத்தனை குடிசைகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கட்டியிருந்தன.

ரெஜினம்மாள் எங்களைப் பார்த்தாள். போய் ஒவ்வொரு குடிசையாகக் கூப்பிட்டு எல்லோரையும் கோயில் முன்னால் உட்கார வைத்தாள். "இவிய ஏதோ சொல்லணுமாம்," என்றாள்.

அப்பா சொன்னார். மண்டி போட்டுச் சொன்னார். அடிப்பார்கள் என்று நான் நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று அப்பா நினைத்திருப்பார். யாரும் அசையவில்லை. ஒருவர், நெஞ்செல்லாம் நரைத்த முடியோடு இருந்த வள்ளக்காரர் ஒருவர், முன்னால் வந்து கேட்டார்:

"அப்பம் உள்ளபடி எத்தன பாகம்?"

"ஒம்போது," என்றார் அப்பா.

அவர் பின்னால் திரும்பி, "ஒம்போதாம்லா," என்றார். அது ஒரு வாயிலிருந்து ஒரு வாய்க்குப் போயிற்று, ஒம்போதாம், ஒம்போதாம். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வள்ளக்காரர் தம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். விரித்த கைகளின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் உள்ள நீளம்தான் எங்கள் பக்கத்தில் ஒரு பாகம், கயிற்றை அப்படித்தான் அளப்பார்கள்.

"நாங்களும் அளந்து பாத்தோம் தம்பி," என்றார் அவர். "ரயிலு போன பொறவு தெனமும் போய் அளந்தோம். ஒம்போதுதான் வந்துச்சு. கம்பெனி தாள்ல மூணுன்னு இருக்கு, எங்களுக்கு ஒம்போது வருதே, அப்ப நம்ம கைதான் குட்ட, நம்ம கைய நம்பி அளந்தா இப்படித்தான்னு நெனச்சோம். பொறவு அளக்கத விட்டுட்டோம். எதையும் அளக்கத விட்டுட்டோம். சட்ட தச்சாலும் பக்கத்து ஊர்க்காரனக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுவோம்."

அவர் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள், ஆண்களும் பெண்களும், ஒருவர் விரித்த கை இன்னொருவர் கையில் இடிக்க விரித்தார்கள். எங்களைப் பார்ப்பதை மறந்துவிட்டார்கள். அப்பா மண்டியிட்டபடியே இருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

நான் ரெஜினம்மாளிடம் போய்ச் சாவியை நீட்டினேன். அவளை முதல் தடவையாக "அத்தை" என்று கூப்பிட்டேன்.

"இத வாங்கி என்ன செய்ய இஞ்ஞாசி?" என்றாள் அவள். "வீடு அங்க இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி செத்துப்போனா, எதிர்த்த வீட்டுக்காரி கொழும்புக்குப் போயிட்டா. அந்தத் தெருவுல நான் யாரக் கூப்பிட்டுப் பேச? நீயே வச்சுக்கோ."

அவள் அதைத் தண்டனையாகச் சொன்னாளா, தானமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா வரவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை, போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. ஆறு வருஷம் அங்கே இருந்தார். அவர்களின் வலைகளைப் பிரித்துக் கோத்துக் கொடுத்தார், வள்ளம் இழுக்கக் கை கொடுத்தார். சாப்பாடு வைத்தார்கள், கூட உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. செத்தபோது ஆள் அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்திருந்தார்கள், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குள் இல்லை, அதற்கு வெளியேயும் இல்லை, சுவரை ஒட்டி.

தெருக்கள் ஒன்றும் திரும்பிப் போகவில்லை. பன்னிரண்டாம் தெருவுக்குப் பிறகு புதிதாக வரவும் இல்லை, வருவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. மற்றதை நாங்களே செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டோம். அப்பா பெயரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறது.

எனக்கு ரயில்வே குமாஸ்தா ஒருவரோடு கல்யாணம் ஆயிற்று. அவருக்கு ஒன்பதாம் தெருவில் வீடு. எல்லாம் தெரிந்துதான் வலது காலை வைத்து உள்ளே போனேன். நல்ல வீடு, காற்றோட்டமான வீடு, பிள்ளைகள் மூன்று பேரும் இங்கேதான் பிறந்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முற்றத்துத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்பார்கள். என் மாமனார் கட்டியது என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.